நல்ல ஊர் எது? மேடிசனும் ஆஸ்டினும்: ஓர் ஒப்பீடு

பிள்ளைக்கு அமெரிக்கப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்ததும் வீடு மகிழ்ச்சியில் நிறைந்துவிடுகிறது. அடுத்த நாளே கேள்விகள் தொடங்குகின்றன. கட்டணம் எவ்வளவு? படிப்பு முடிந்ததும் சம்பளம் எவ்வளவு வரும்? தரவரிசையில் அந்தப் பல்கலைக் கழகம் எத்தனையாவது இடம்? எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான், “அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர்?” என்று வீட்டிலிருக்கும் ஒரு தாய் மெல்லக் கேட்கிறார். பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்வார் இல்லை.

உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. பிள்ளை தரவரிசைப் பட்டியலில் குடியிருக்கப் போவதில்லை. ஓர் ஊரில் குடியிருக்கப் போகிறான். அந்த ஊரின் தண்ணீரைக் குடித்து, அதன் குளிரையும் வெயிலையும் தாங்கி, அதன் தெருக்களில் இரவில் நடந்துவர வேண்டியவன் அவன்.

ஊரை எப்படி அளப்பது? இதற்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் இரண்டு நகரங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மேடிசன். மற்றொன்று, டெக்ஸாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டின். இரண்டும் மாநிலத் தலைநகரங்கள்; இரண்டும் புகழ்பெற்ற பல்கலைக் கழக நகரங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 50,000 மாணவர்கள் பயில்கின்றனர். தெற்காசிய மொழிகளைக் கற்பிப்பதில் இரண்டுக்குமே நெடிய மரபு உண்டு. நம் தமிழும் இரு வளாகங்களிலும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. இத்தனை ஒற்றுமைகள் இருந்தும் வாழ்க்கை என்று வரும்போது இவ்விரண்டும் வெவ்வேறு உலகங்கள்.

பிறந்த கதை

மேடிசன் முதலில் காகிதத்தில் பிறந்த ஊர். 1836இல் விஸ்கான்சின் ஆட்சிப்பகுதியின் சட்டமன்றம் அதைத் தலைநகராகத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே வெள்ளையர் நகரம் என்று எதுவும் இல்லை. ஜேம்ஸ் டோட்டி என்பவர் மெண்டோட்டா, மொனோனா என்னும் இரு ஏரிகளுக்கு நடுவே உள்ள குறுகிய நிலத்தில் ஒரு நகரத்தை வரைபடமாக வரைந்து, உறுப்பினர்களை இணங்கச் செய்தார். அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே ஹோ-சங்க் பழங்குடியினர் அந்நிலத்தில் வாழ்ந்து வந்தனர். ‘நான்கு ஏரிகள்’ என்னும் பொருளில் அதைத் ‘தேஜோப்’ என்றழைத்தனர். 1848இல் விஸ்கான்சின் மாநிலமானது. அதே ஆண்டில் பல்கலைக் கழகமும் நிறுவப்பட்டது.

ஆஸ்டின் 1839இல் தனிக் குடியரசாக இருந்த டெக்ஸாஸின் தலைநகராக எழுந்தது. அதற்கு முன் அந்தச் சிற்றூரின் பெயர் வாட்டர்லூ. கொலராடோ என்னும் ஆறு அதனூடே ஓடுகிறது. (புகழ்பெற்ற பெரும் பள்ளத்தாக்கை அறுத்த கொலராடோ வேறு, இது டெக்ஸாஸுக்குள்ளேயே ஓடும் ஆறு.) பல்கலைக் கழகம் 1883இல் திறக்கப்பட்டது. 1888இல் கட்டி முடிக்கப்பட்ட செந்நிறக் கருங்கல் சட்டமன்ற மாளிகை, வாஷிங்டன் நகரத்து நாடாளுமன்ற மாளிகையையும் விட உயரமானது. மேடிசனின் மாளிகையோ வாஷிங்டன் மாளிகையைவிட மூன்றடி மட்டுமே குறைவு. உயரத்தைக் காட்டும் ஆசை இரு ஊர்களுக்கும் பொதுவே!

வளர்ச்சியில்தான் வேறுபாடு தொடங்குகிறது. 1990இல் மேடிசனின் மக்கள்தொகை ஏறத்தாழ 1,91,000, 2020இல் 2,69,840. ஆஸ்டினிலோ 1990இல் 4,65,000 ஆக இருந்தது, 2020இல் 9,61,855 ஆகப் பெருகிவிட்டது. முப்பதே ஆண்டுகளில் இரு மடங்கு! மேடிசனில் ஐந்தாறு பேரில் ஒருவர் அந்தப் பல்கலைக் கழக மாணவர். ஆஸ்டினிலோ இருபது பேரில் ஒருவர் அளவே. மேடிசன் இன்னும் கல்லூரி ஊராகவே இருக்கிறது. ஆஸ்டின் கல்லூரி ஊராகத் தொடங்கிப் பெருநகரமாகிவிட்டது.

இப்னு கல்தூன் தந்த அளவுகோல்

ஊரை அளக்கும் கலை புதியதன்று. கி.பி. 1332இல் தூனிஸில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த மாமேதை இப்னு கல்தூன், தம் ‘முகத்திமா’ நூலில் நகரம் அமைக்கத் தகுந்த இடம் எது என்று ஆராய்கிறார். தூய காற்று வேண்டும்; அருகிலேயே நல்ல நீர் வேண்டும்; விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் வேண்டும்; எரிக்க விறகு வேண்டும்; பகைவரிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது அவர் கருத்து. அரபுகள் அவசரமாக அமைத்த கூஃபா, பஸரா போன்ற நகரங்களில் இவை கவனிக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டவும் அவர் தயங்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அநீதி ஒரு நாட்டின் குடிவாழ்வையே அழிக்கும் என்று தனி ஓர் இயலில் வற்புறுத்துகிறார்.

ஆறு நூற்றாண்டுகளுக்கு முந்தைய இந்த அளவுகோலை இன்றைய இரு நகரங்களின்மீது வைத்துப் பார்த்தால், பத்திரிகைகள் வெளியிடும் தரவரிசைகள் காட்டாத பலவும் புலப்படுகின்றன.

காற்றும் காலமும்

மேடிசனின் குளிர்காலம் கடுமையானது. சனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பதினொரு பாகை செல்சியஸுக்கு இறங்குவது இயல்பு. ஓராண்டில் பொழியும் பனியைக் கூட்டினால் நான்கு அடியைத் தாண்டும். மெண்டோட்டா ஏரி உறைந்து, மக்கள் அதன்மீது நடக்கவும் துளையிட்டு மீன் பிடிக்கவும் செய்கின்றனர். ஏரி உறையும் நாளையும் உருகும் நாளையும் 1850களிலிருந்து குறித்து வைத்திருக்கிறார்கள். உறைந்து கிடக்கும் காலம் அன்றைக்கு இன்று ஏறத்தாழ ஒரு மாதம் குறைந்துவிட்டது என்பதை அக்குறிப்புகளே சொல்கின்றன. உலகம் வெப்பமடைவதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

ஆஸ்டினின் சோதனை கோடை. 2023இல் தொடர்ந்து 45 நாள்கள் வெப்பம் 100 பாகை ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது கடந்தது. 2011இல் அத்தகைய நாள்கள் மொத்தம் 90. குளிர்காலம் மென்மையானதே, சனவரியிலும் பல பகல்களில் மேற்சட்டையின்றி நடமாடலாம்.

பகலின் நீளமும் வேறுபடும். சூன் மாதத்தில் மேடிசனின் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். ஆஸ்டினின் பகல் 14 மணி நேரம். இருநகர் வளாகங்களை ஒட்டியும் பள்ளிவாசல்கள் உண்டு. எனினும் 2016இல் சூன் மாதத்தில் ரமலான் வந்தபோது, விடியலுக்கு முன் தொடங்கும் நோன்பு மேடிசனில் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டது என்பதை அங்குள்ளோர் உணர்ந்திருப்பர். டிசம்பரில் நிலைமை தலைகீழ். மேடிசனில் ஒன்பது மணி நேரமே பகல். மாலை நாலரை மணிக்கே இருட்டிவிடும் ஊரில் தனித்திருக்கும் இளம் மாணவனின் மனச்சோர்வைப் பெற்றோர் எளிதாக எண்ணிவிடக் கூடாது.

நீரும் நிலமும்

ஏரிகளுக்கு நடுவே அமைந்திருந்தும் மேடிசன் ஏரிநீரைக் குடிப்பதில்லை. ஆழ்கிணறுகளின் நிலத்தடி நீரே குழாய்களில் வருகிறது. ஏரிகள் கண்ணுக்கு விருந்து. ஆயினும் சுற்றுப்புறப் பண்ணைகளின் எருவும் உரமும் மழைநீரோடு வந்து சேர்வதால், கோடையில் நச்சுப்பாசி படர்ந்து குளிக்கும் துறைகள் மூடப்படுவதுண்டு. கிணற்று நீரும் கவலைக்கு அப்பாற்பட்டதன்று. எளிதில் சிதையாத தொழிற்சாலை வேதிப்பொருள்கள் கலந்திருந்ததால் 2019இல் ஒரு கிணறு மூடப்பட்டது.

அதே பண்ணைகள்தாம் அவ்வூரின் செல்வமும். 1972இல் தொடங்கிய உழவர் சந்தை, கோடைக்காலச் சனிக்கிழமைகளில் சட்டமன்ற மாளிகையைச் சுற்றிக் கூடுகிறது. விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது அதன் விதி. பாலாடைக்கட்டியும் தேனும் காய்கறியும் உழவர் கையிலிருந்தே குடும்பத்தின் கைக்கு வருகின்றன.

ஆஸ்டின் கொலராடோ ஆற்றின் நீரைக் குடிக்கிறது. அவ்வூரின் கண்மணி பார்ட்டன் ஊற்று. நிலத்தடிச் சுண்ணப்பாறைகளிலிருந்து பெருகி, ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்புள்ள நீச்சற்குளமாய் நிற்கும் அந்நீர், ஆண்டு முழுவதும் 20, 21 பாகை செல்சியஸ் அளவிலேயே இருக்கும். அதன் மேற்புறத்து நிலங்களில் வீட்டுமனைகள் பெருகினால் ஊற்று மாசுபடும் என்றுணர்ந்த மக்கள், 1992இல் வாக்கெடுப்பின் மூலம் ஒரு காப்புச் சட்டத்தையே கொண்டுவந்தனர். ஆயினும் 2018 அக்டோபரில் வெள்ளம் சேற்றை அள்ளிவந்தபோது, சுத்திகரிப்பு நிலையங்கள் திணறி, நகரம் முழுவதும் ஏறத்தாழ ஒரு வாரம் நீரைக் காய்ச்சிக் குடிக்க நேர்ந்தது.

இன்றைய விறகு

இப்னு கல்தூன் விறகு என்றார். இன்று நாம் மின்சாரம் என்போம். டெக்ஸாஸ் தன் மின்வலைப்பின்னலைப் பிற மாநிலங்களோடு பெரிதும் இணைக்காமல் தனித்தே வைத்திருக்கிறது. நடுவண் அரசின் கட்டுப்பாடு வேண்டாம் என்பது அதன் எண்ணம். 2021 பிப்ரவரியில் கடும் பனிப்புயல் வீசிற்று. குளிருக்குக் காப்பு செய்யப்படாத எரிவாயுக் கிணறுகளும் மின்னிலையங்களும் உறைந்தன. அண்டை மாநிலங்களிடமிருந்து போதிய மின்சாரம் பெற வழியில்லை. இலட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருளிலும் குளிரிலும் கிடந்தன, குழாய்கள் வெடித்தன, குடிநீரும் நின்றது. மாநில அரசின் கணக்கின்படியே 246 பேர் உயிரிழந்தனர்.

அந்த இரவுகளில் ஆஸ்டினில் மற்றொரு காட்சி. மருத்துவமனை முதலிய இன்றியமையா இடங்களோடு ஒரே மின்தடத்தில் இருந்த காரணத்தால், நகர மையத்தில் ஆளில்லாத அலுவலக மாடங்கள் ஒளிவீசிக்கொண்டிருந்தன. சற்றுத் தொலைவில் குழந்தைகளைப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு குடும்பங்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. குளிருக்குப் பெயர்போன மேடிசனில் வீடுகள் குளிரை எண்ணியே கட்டப்படுகின்றன. ஆபத்து எதிர்பார்க்கப்படுவதால் அதற்கு ஆயத்தமும் இருக்கிறது. எதிர்பாராத ஊரில் வந்த குளிரே கொன்றது.

பணப்பையும் கூரையும்

டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது. விஸ்கான்சினில் உண்டு, உயர்ந்த வருமானத்துக்கு 7.65 விழுக்காடு வரை போகும். இதைக் கேட்டதும் ஆஸ்டினே மேல் என்று முடிவுகட்டிவிடுவோர் பலர். விட்ட இடத்தை வேறு வரிகள் நிரப்புகின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஆஸ்டினில் விற்பனை வரி 8.25 விழுக்காடு, மேடிசனில் 5.5. வீட்டு வரி இரண்டு ஊர்களிலும் கனமானதே. வருமான வரி இல்லாமை அதிகம் சம்பாதிப்பவருக்கே பெரிய ஆதாயம். குறைவாகச் சம்பாதிப்பவர் கடைவீதியில் அந்த வரியைச் செலுத்திவிடுகிறார்.

வேலைக்குக் குறைவில்லை. 1984இல் மாணவர் விடுதி அறையில் மைக்கேல் டெல் தொடங்கிய கணினி வணிகம் ஆஸ்டினைத் தொழில்நுட்ப நகரமாக்கியதில் பெரும் பங்கு வகித்தது. 2021இல் டெஸ்லா தன் தலைமையகத்தை அங்கு மாற்றிற்று. மேடிசனில் 1979இல் தோன்றிய எபிக் நிறுவனம், மருத்துவமனைகளுக்கான கணினி மென்பொருளில் முன்னணியில் நிற்கிறது. இன்று அண்டை ஊரான வெரோனாவில் இயங்குகிறது.

வேலை பெருகினால் வாடகையும் பெருகும். ஆஸ்டினில் 2020க்கும் 2022க்கும் இடையில் வீட்டு விலை விண்ணை முட்டியது. பின்னர் அடுக்குமாடிகள் ஏராளமாய்க் கட்டப்பட்டதால் வாடகை இறங்கிற்று. ஏரிகளுக்கு நடுவே நெருக்குண்ட மேடிசனில் இடம் குறைவு. வாடகை ஏறியபடியே இருக்கிறது. அங்கு மாணவர் பகுதிகளின் வாடகை ஒப்பந்தங்கள் ஆகஸ்டு நடுவில் ஒரே நேரத்தில் முடிகின்றன. பழைய வீட்டைக் காலி செய்தபின் புதிய வீட்டின் சாவி மறுநாளே கிடைப்பதால், ஓரிரவு தங்க இடமின்றித் தவிக்கும் மாணவர்கள் உண்டு. தெருவெங்கும் கைவிடப்பட்ட கட்டில், மேசை, நாற்காலிகள் குவிந்து கிடக்கும். புதிதாய் வந்தவர்கள் அவற்றிலிருந்து தங்கள் வீட்டை அமைத்துக்கொள்வர்.

இரு பல்கலைக் கழகங்களும் தம் மாநில ஏழைகளுக்கு வாசலைத் திறந்து வைத்துள்ளன. 2018இல் மேடிசன், ஆண்டு வருமானம் 56,000 டாலருக்குட்பட்ட விஸ்கான்சின் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்றது. 2020 முதல் ஆஸ்டின், 65,000 டாலர் வரையுள்ள டெக்ஸாஸ் குடும்பங்களுக்கு அவ்வாறே செய்தது. வெளிநாட்டிலிருந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு இச்சலுகை பொருந்தாது என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு

1966 ஆகஸ்டு முதல் நாள், ஆஸ்டின் பல்கலைக் கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் சுட்டுப் பலரைக் கொன்றான். சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2016இல் அதே நாளில், உரிமம் பெற்றோர் வளாகக் கட்டடங்களுக்குள்ளும் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்லலாம் என்னும் டெக்ஸாஸ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மேடிசன் வளாகக் கட்டடங்களிலோ அதற்குத் தடை உண்டு. மேடிசனின் வரலாற்றிலும் கறை இல்லாமல் இல்லை. 1970 ஆகஸ்டில், வியட்நாம் போரை எதிர்த்த சிலர் வளாகத்தில் வைத்த வெடிகுண்டு ஓர் இளம் இயற்பியலாளரின் உயிரைக் குடித்தது. அமைதியின் பெயரால் உயிர் பறிப்பது எத்தகைய அமைதி?

நீதி

ஊரின் நலத்தை அளக்கும் இறுதி அளவுகோல் இதுவே. இரு நகரங்களும் தலைகுனியும் இடமும் இதுவே.

1928இல் ஆஸ்டின் நகராட்சி ஒரு பெருந்திட்டம் வகுத்தது. கறுப்பின மக்களுக்கான பள்ளியும் பூங்காவும் பிற வசதிகளும் நகரின் கிழக்குப் பகுதியில் மட்டுமே அமையும் என்பது அதன் சாரம். ‘வெளியேறு’ என்று எவரும் சொல்லவில்லை. வசதிகளை எடுத்துவிட்டால் மக்கள் தாமே போய்விடுவர் என்பது கணக்கு. 1962இல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலை அந்தப் பிரிவினைக்குச் சுவராயிற்று. பல்கலைக் கழகச் சட்டக் கல்லூரி, நிறத்தைக் காட்டி மறுத்த இடத்தை ஹீமன் ஸ்வெட் என்பவர் வழக்காடி 1950இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஊர் செழித்தபோது கிழக்குப் பகுதியின் நிலமும் விலையேறிற்று; அங்கு ஒதுக்கப்பட்டோர் அங்கும் இருக்க இயலவில்லை. 2000க்கும் 2010க்கும் இடையில் நகர மக்கள்தொகை 20 விழுக்காடு பெருகிற்று. கறுப்பினத்தவர் எண்ணிக்கை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

உழைப்போர் நிலையையும் பாருங்கள். கட்டடத் தொழிலாளருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு தர வேண்டும் என்று 2010இல் ஆஸ்டின் நகரம் விதி செய்தது. 2023இல், அந்தக் கொடிய கோடையிலேயே, இத்தகைய நகர விதிகளைச் செல்லாததாக்கும் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் இயற்றிற்று. அது வழக்குமன்றம் ஏறியது தனிக்கதை.

அப்படியானால் மேடிசன்? முற்போக்குக்குப் பெயர்பெற்ற ஊர் அது. பல்கலைக் கழகத்தின் அறிவு மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்பட வேண்டும் என்னும் கொள்கையை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதன் தலைவர் வான் ஹைஸ் முழங்கினார். 2011இல் அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமை பறிக்கப்பட்டபோது, பல்லாயிரவர் சட்டமன்ற மாளிகையில் திரண்டனர். ஆனால் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வறிக்கை அவ்வூரின் மனச்சான்றையே உலுக்கிற்று. மேடிசனை உள்ளடக்கிய டேன் மாவட்டத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, வெள்ளையர் குழந்தைகளுள் வறுமையில் வாழ்ந்தோர் 5.5 விழுக்காடு, கறுப்பினக் குழந்தைகளுள் ஏறத்தாழ 75 விழுக்காடு! நாட்டின் தலைசிறந்த வாழிடம் என்று 1996இல் ஒரு புகழ்பெற்ற இதழ் முதலிடம் தந்த ஊர் இது. அம்முதலிடம் யாருக்கு?

பட்டியல்கள் நிலையற்றவை. 2017, 2018, 2019 என மூன்றாண்டுகள் தொடர்ந்து மற்றோர் இதழ் ஆஸ்டினுக்கு முதலிடம் தந்தது. 2023இல் அதே இதழ் அதை 40ஆம் இடத்துக்கு இறக்கிற்று. நான்காண்டுகளில் ஆறு இடம் மாறவில்லை, ஊற்று வற்றிவிடவில்லை. வீட்டு விலை மாறிற்று, அளவுகோல் மாறிற்று.

முடிவு என்ன?

சிறிய ஊர், நடந்தே போகும் தூரம், பேருந்தும் மிதிவண்டியும் போதும், குளிரைத் தாங்கும் உடலும் மனமும் உண்டு என்பவருக்கு மேடிசன் ஏற்றது. சூடான வானம், விரிந்த வேலைவாய்ப்பு, சொந்தக் கார், நெரிசலைப் பொறுக்கும் பொறுமை ஆகியவை உடையோருக்கு ஆஸ்டின் ஏற்றது. இவ்வளவே ஒப்பீட்டால் சொல்ல முடிந்தது.

ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு இன்னும் ஒரு பகுதி விடை உண்டு. பிள்ளையை எந்த ஊருக்கு அனுப்பினாலும், போய்ச் சேர்ந்ததும் அவனிடம் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். “குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மின்சாரம் நின்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? உன் அலுவலகத்தைக் கூட்டுபவர் எந்தப் பகுதியில் குடியிருக்கிறார், அவருடைய குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது?” என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாவிடில், அவன் அந்த ஊரில் தங்கியிருக்கிறான், இன்னும் வாழத் தொடங்கவில்லை என்று பொருள்.